மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க்

12.6.2004, சனி

காதர் பாயின் மனைவிக்கு நாளைக் காலையில் ஆபரேஷன். படுத்த படுக்கையாகக் கிடந்ததால் மகளின் நிக்காஹ்வை அவர் பார்க்கவில்லை. நான் எடுத்த வீடியோவைத்தான் கேட்டார். தப்பானால் அழித்து எழுதலாமே என்று ஆர்டபிள்யூ டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் ஓடியது. அவர்கள் பிளேயரில் ஓடவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இன்னா தம்பி, டிவி வெறும் நீலமா கீது? பொண்ணப் பாக்காம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அழுதுகினு கீறா" என்றார் பாய்.

ஒருமுறை மட்டும் எழுதும் ஆர் டிஸ்க் அந்த பிளேயரில் ஓடும். ஒன்றுதான் மிச்சம். உத்திரமேரூரில் கடையெல்லாம் மூடியாயிற்று. நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் குப்பைதான்.

டிஸ்க்கில் பதியும் பர்னரில் அதைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பாதி தாண்டிவிட்டது. பாய் வாசலிலேயே நிற்கிறார். முருகா, இன்னும் கொஞ்ச நேரம். ஃபேன் வேகம் குறைகிறது.