டிக் போட்ட கட்டை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். புட்லூரில் ரயில் இறங்கிக் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வரை நடந்ததில் புடவைக் கரை முழுக்கச் சேறு. பிரஷர் மாத்திரை இன்னும் இரண்டு நாளுக்குத்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ பழைய கிடங்கை இடித்தார்களாம். அதன் கூரை மரம் ஒரு லாரி வந்து இறங்கியது. தேக்கு. மேலே கரையான் மண், பல்லி முட்டை. உள்ளே நல்ல மரம். இழைப்பு மெஷின் ஓட்டுகிற மோகன் ஒரு கட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். "அக்கா, இது இன்னும் நூறு வருசம் ஓடும். நாமதான் ஓட மாட்டோம்."

கடற்கரை ரிசார்ட்டுக்குத் தோட்டத்து பெஞ்சு பன்னிரண்டு, சாப்பாட்டு மேசை நான்கு. தீபாவளிக்கு முன் போயாக வேண்டும். எல்லாவற்றின் அடியிலும் அந்தச் சீட்டு ஒட்ட வேண்டும்: "இதற்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை."

ஆணி பிடுங்கினேன், ஒரு வாளி. மரத்துக்குள் இரும்பு இருந்தால் கத்துகிற டிடெக்டர் காலையில் இரண்டு முறை கத்தியது, பிறகு ஊமை. பேட்டரி. சூப்பர்வைசர் பாபு சாரிடம் சொன்னேன்.

"ஸ்டோர் ஆளு லீவு ரோசிம்மா. நாளைக்குப் பாக்கலாம். கண்ணால பாத்து அனுப்பு, உன் கண்ணுக்கு மிஞ்சி இன்னா மெஷினு?"

பெருமையாகத்தான் இருந்தது. எழுத வெட்கம், ஆனாலும் எழுதுகிறேன்.

பேட்டரி மெயின் ரோட்டுக் கடையிலேயே கிடைக்கும். கால் மணி நேர நடை. மழை என்று போகவில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்து நாற்பத்தோரு கட்டைக்கு, ஆணி இல்லை என்று டிக் போட்டேன். பச்சை சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, புதிது கேட்க வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

டீ முடிந்து வேலை தொடங்கிய நேரம். ஒரு சத்தம், தகரம் கிழிகிற மாதிரி. அப்புறம் மெஷின் வேறு விதமாக அழுதது. திரும்பிப் பார்த்தால் மோகன் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு கையும் முகத்தில். விரல் இடுக்கில் ரத்தம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மெஷின் மேல் இன்னும் அப்படியே.

"கண்ணுல இன்னாவோ பூந்துச்சுக்கா."

நான்தான் முதலில் ஓடினேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அழுத்திப் பிடித்தேன். ஆபீஸ் வேனில் திருவள்ளூர் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவன் தலை என் மடியில். கேட்டது ஒன்றே ஒன்று: "மெஷின ஆஃப் பண்ணாங்களா?" இரண்டு முறை கேட்டான்.

திருவள்ளூரில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அவன் மனைவி கவிதா செவ்வாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் மாவு. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்கள் ஆம்புலன்சில் போனார்கள். நான் பையை எடுக்கத் திரும்பி வந்தேன்.

மெஷின் அடியில் அந்தக் கட்டை இரண்டாகக் கிடந்தது. உள்ளே தலை முறிந்த பழைய ஆணி, விரல் நீளம். பிளேடு அதில் மோதிச் சில்லு தெறித்திருக்கிறது. உள்ளே இரும்பு துருவேறிய இடத்தில் தேக்கு கருத்துப் போகும். இதிலும் ஒரு பொட்டு, மிளகு அளவு. ஓரத்தில் என் டிக்.

பாபு சார் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் டீ அடுப்புக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. "சார்" என்றுகூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

வெயில், புழுக்கம்.

மெஷின் தரை கழுவியிருந்தது. டிடெக்டருக்குள் புது பேட்டரி. கேட்காமலே வந்திருக்கிறது. ஆன் செய்ததும் என் வளையலுக்கே கத்தியது.

மதியம் ஒவ்வொருவராக ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து. இரண்டே வரி. ஒன்று: கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை மோகன் போடவில்லை. அது உண்மை. அந்தக் கண்ணாடியில் கீறல் விழுந்து எதிரில் நிற்கிற ஆளே தெரியாது, யாருமே போடுவதில்லை. இரண்டு: மரம் முறைப்படி சோதிக்கப்பட்டது.

இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"உனக்கும் சேத்துதான் ரோசிம்மா எழுதியிருக்கேன்" என்றார் பாபு சார். "டிக் யாருது?"

போட்டுவிட்டேன். ரோ. என்று தொடங்கி எப்போதும் போடுகிற அதே கையெழுத்து.

அக்டோபர் 9

இவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து போன். (இரும்பு உருக்குகிற இடத்தில் ஷிப்ட். அங்கேயே ரூம். ஞாயிறு வருவார்.) எல்லாம் சொன்னேன். பேட்டரி வாங்கப் போகாததையும்.

"கையெழுத்து போட்டாச்சா? உடு. மூடிக்கினு இரு. உன்ன யாரும் இன்னும் ஒண்ணும் கேக்கல இல்ல?"

"கேக்கல."

"அப்புறம் நீயே போயி ஏன் பேஜாரு பண்ணிக்கிற?"

ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன், அப்படியே சாப்பிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் போனேன். பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. பின்வரிசை மரப் பெஞ்சில் உட்கார்ந்து என்னையறியாமல் ஆணி தேடித் தடவிக்கொண்டிருந்தேன்.

கவிதா போன். ஆபரேஷன் முடிந்தது. வலது கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "இடது கண்ணு நல்லா கீதுக்கா. அது போதும்ன்றாரு." அழாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இவர் வந்தார், ஆட்டுக்கறி வாங்கி வந்தார், தூங்கினார், போய்விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டுவிட்டு. வேலை முடிந்து செவ்வாப்பேட்டையில் இறங்கி மோகன் வீட்டுக்கு. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ்.

கட்டிலில் சாய்ந்திருந்தான். கண்ணில் பிளாஸ்திரி, முகம் ஒரு பக்கம் வீங்கி மஞ்சள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

கவிதா அவனைத் திட்டிக்கொண்டே காபி கலந்தாள். எனக்காக நிறுத்தவில்லை. நான் இருப்பதால் இன்னும் சத்தமாக.

"கண்ணாடி போட்டுகினு வேல செய்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்? கேட்டாரா? கம்பெனிக்காரன் சொல்றான், உம் புருசன் தப்புதான், இனிமே மெஷினும் கெடையாது, வேலையும் கெடையாதுன்றான். நான் இன்னான்னு பதில் சொல்ல? நீங்களே கேளுங்கக்கா இவர."

மோகன் போர்வையிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டிருந்தான்.

நான் கேட்டேனா? இல்லை. பதிலுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "உடு கவிதா, ஒடம்பு தேறட்டும்." பெரிய மனுஷி மாதிரி.

வாசல் வரை வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அன்னிக்கி ஓடி வரலன்னா இன்னா ஆயிருக்கும்?"

ரயிலில் உட்கார இடம் இருந்தது. வேப்பம்பட்டில் இறங்கும் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 18, சனி

ரிசார்ட் லாரி போய்விட்டது. பெஞ்சு பன்னிரண்டும் பளபளப்பாக. சீட்டு நான்தான் ஒட்டினேன். அந்தக் கிடங்கு மரம்தான் எல்லாம். மோகன் இழைத்தவை இரண்டு, அவன் இடத்துக்கு வந்த புது ஆள் இழைத்தவை பத்து. தடவினாலே தெரியும். மோகனுடையது கண்ணாடி மாதிரி வழவழப்பு.

ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். மோகனுக்கு உண்டா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார் பாபு சார்.

வாங்க வேண்டியது: மாத்திரை, சோப்பு, பல்வலிக்குக் கிராம்பு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி லீவு. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு. நாள் முழுக்க வெடி. ஒவ்வொரு வெடிக்கும் அந்தத் தகரச் சத்தம்தான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு துணி மடித்தேன்.

மோகன் வீட்டில் இன்று என்ன செய்வார்கள். அந்தத் திட்டு இன்றும் நடக்குமா. அவன் வாங்கிக்கொள்கிற திட்டில் பாதி என்னுடையது. பாதியா? கணக்கு வராத விஷயம்.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. ஷெட் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

அரசாங்க ஆபீசர் ஒருவர் விசாரிக்க வந்தார். முதலில் மேனேஜர் ரூமில் ஒரு மணி நேரம். பிறகு ஷெட்டுக்கு வந்தார். குடை மடக்கத் தெரியாமல் திணறினார், வயசானவர். டிடெக்டரைக் காட்டச் சொன்னார். பாபு சார் ஆன் செய்து ஒரு ஆணி மேல் காட்டினார். கத்தியது.

"அன்னிக்கும் இது வேலை செஞ்சுதா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார், பெயர் கேட்காமல்.

பாபு சார், "செஞ்சுது சார்" என்றார்.

நான் சொல்வேன் என்று நினைத்து வரவில்லை. இதை உண்மையாக எழுத வேண்டும். தைரியமெல்லாம் இல்லை. வாய் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"இல்ல சார். முந்தின நாளே பேட்டரி செத்துப்போச்சு. நான் சோதிக்காமயே டிக் போட்டேன். நாப்பத்தோரு கட்டை. அதுல ஒண்ணுலதான் ஆணி இருந்துச்சு."

"அந்தக் கட்டை எங்கே?"

"எரிச்சிட்டாங்க. நான் பாத்தேன்."

புது ஆள் மெஷினை நிறுத்திவிட்டான்.

ஆபீசர் அந்த இரண்டு வரிக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். "அப்புறம் ஏம்மா இதுல கையெழுத்துப் போட்டே?"

"பயம் சார்" என்றேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மெதுவாக எழுதினார். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

பாபு சார் போகும்போது என்னைத் தாண்டிப் போனார். "புள்ள குட்டிக்காரன் நான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டார். விசாரணை முடிகிறவரை வர வேண்டாம். முடிந்த பிறகு? "அதையும் பாக்கலாம்." சோதிக்காமல் டிக் போட்ட ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒரு நல்லது: மோகனைப் பேக்கிங்கில் எடுத்துக்கொள்வதாகவும், அவன் தப்பு என்று எழுதியதைத் திருப்பி வாங்கிவிட்டதாகவும் வாட்ச்மேன் சொன்னார். ஆபீசர் போனதும் மேனேஜர் ரூமில் அதுதான் பேச்சாம்.

சாப்பாட்டு டப்பாவைப் புட்லூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காலி செய்தேன். காலை ஒன்பதரை. புளி சாதம்.

இவருக்குப் போன். எல்லாம் சொன்னேன். கடைசியில், "சரி, இந்தாண்ட ஏதாச்சும் கம்பெனில கேட்டுப் பாக்குறேன்" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்ல வேண்டும். மதியம் செவ்வாப்பேட்டை போனேன். கவிதா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மோகன் மட்டும். பிளாஸ்திரி இல்லை, கறுப்புக் கண்ணாடி.

நின்றுகொண்டே சொன்னேன். பேட்டரி, மழை, கடைக்குப் போகாதது, நாற்பத்தொன்று, அடுப்பு, கையெழுத்து, ஆபீசர். ஒன்றையும் விடவில்லை. விட்டால் மறுபடி வர முடியாது என்று தெரியும்.

கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"கருப்பா ஒரு பொட்டு இருந்துச்சுக்கா அந்தக் கட்டையில. நான் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"கைல தடவிக்கூடப் பாத்தேன். ஒதுக்கி வெச்சிரலாம்னுதான் எடுத்தேன். அப்பால உன் டிக்கு இருந்துச்சு. ரோசிக்கா பாத்துட்டுத்தானே போட்டிருக்கும்னு உள்ள வுட்டேன்."

அவன் குரலில் ஒன்றும் இல்லை. கடை விலை சொல்வது மாதிரி.

"ஊட்டுல அவ திட்டும்போது இத்த சொல்லணும்னு தோணும். நீ எதிர்ல இருந்த. எப்டி சொல்றது?"

காலில் விழப் போனேன். "வேணாம்" என்றான். அந்த ஒரு வார்த்தை மட்டும் சத்தமாக. அப்புறம் தாழ்ந்து, "நீ சொன்னது நல்லதுதான்க்கா. எனக்கு வேல வந்துச்சு. ஆனா கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத. கவிதாக்கு நானே சொல்றேன்."

அவள் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். தெரு முனையில் தூரத்தில் அவளைப் பார்த்தேன், தலையில் பை. சந்துக்குள் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. கோயிலுக்குப் போகவில்லை. இவர் வரவில்லை, ஓவர்டைம்.

காலையில் கவிதாவிடமிருந்து மூன்று முறை போன். மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறை எடுத்தேன்.

"நெஜமாக்கா?"

"ஆமாம்மா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுப்பை அணைக்க அவள் எழுந்திருக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நான்காவது விசிலும் வந்தது.