நாற்பத்தொரு பேரில் ஒருத்தி

மாரிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஈவ்லினுக்கு,

மங்கம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், என் வீட்டுக்காரர், என் முழங்கால் வலி மூவரும் சுகம். அங்கே ஸ்ரீபெரும்புதூரில் நீயும் உன் மகளும் மருமகன் ஷெர்வினும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன புதன்கிழமை உனக்குப் போன் செய்து, கேஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், சிலிண்டர் வேண்டுமா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் நான்தான். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் எங்கள் சூப்பர்வைசர் ராதிகாவின் போனை வாங்கிப் பேசினேன். "எங்களுக்கு கேஸே வாணாம்மா, கரண்டு அடுப்புதான் கீது" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். கரண்டு அடுப்பு என்று தெரிந்துகொண்டேன். ராதிகா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாக்கா, இந்த வயசுல உனக்கு இது தேவையா" என்றாள். தேவையில்லைதான்.

அதனால் கடிதம். தபாலை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கலாம். கிழிப்பதானால் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் காலையிலிருந்து குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். விலாசத்தை உன் பக்கத்து வீட்டு மரியகுழந்தையிடம் மூன்று நாள் கெஞ்சி வாங்கினேன். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் செய்ததை என் வாயால் நீ கேட்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்து ஊர் திரும்புகிற சாயங்கால ரயிலில் நம் லேடீஸ் பெட்டியில் நடக்கிற கூத்து ஒயிட்ஃபீல்டில் தொடங்கி பங்காருபேட்டையில் முடியும். எந்த வீட்டு அம்மா எப்படிப் பேசினாள், எந்த மேனேஜர் எப்படி முறைத்தான் என்று ஆளுக்கு ஒன்று நடித்துக் காட்டுவோம். இறங்கினால் அதோடு சரி. வீட்டில்கூடச் சொல்லமாட்டோம். நாள் முழுக்க வாங்கியதை அங்கேயே கொட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவோம். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் பதினோரு வருஷமாக யாரும் மீறவில்லை. நான்தான் மீறினேன்.

அன்றைக்கு நீ ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அதுதான் உங்கள் மேடத்தின் நாய் கோக்கோ என்றாய். "சாப்ட்டியாடா கண்ணு, ஏன் சாப்டல கண்ணு" என்று ஸ்வெட்டரைக் கொஞ்சிவிட்டு, அதே மூச்சில் தலையைத் திருப்பி "ஏய், தட்டை எடு" என்றாய். பெட்டியே விழுந்து சிரித்தது. எனக்கு மூச்சு அடைத்தது. அப்படிச் சிரித்தபடியே போனில் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். நம் பெட்டி ஆட்கள்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

உன் மகள் பிரசவத்துக்கு நீ போயிருந்தபோது நாலு நாள் உனக்குப் பதிலாக உங்கள் மேடம் வீட்டில் வேலை செய்தேன் அல்லவா. அப்போது அந்த அம்மா என் நம்பரை வாங்கினார், நான் அவர் நம்பரைப் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டதை அன்றோடு மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் நாற்பத்தொரு பேர் பார்த்ததாகக் காட்டியது. யார் யார் என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டாவது பெயர் அவர்.

உடனே அழித்தேன். அதற்குள் அவர் அதை எடுத்து அபார்ட்மெண்ட் குரூப்பில் புகாராகப் போட்டாயிற்று. அங்கிருந்து யாரோ எடுத்துப் பாட்டு சேர்த்து வெளியே விட்டார்கள். இப்போது எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். கீழே நம் ஜாதி, நம் பாஷை, எல்லாவற்றையும் பற்றிச் சண்டை. அந்தச் சண்டையில் உன் பெயரும் இல்லை, நாயும் இல்லை. தரையில் கொட்டிய தண்ணீரைத் தள்ளினால் ஒரு மூலைக்காவது போய்ச் சேரும். இதற்கு மூலையே இல்லை.

பத்து நாளுக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு அந்த அபார்ட்மெண்டுக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் மஞ்சுநாத் இருந்தார். வேலைக்கு வருகிறவர்களைப் பதிந்து வைக்கிற ஆப்பைத் தன் போனில் திறந்து, உன் போட்டோவைக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது, தலை நிறையப் பூ, சிரித்துக்கொண்டிருக்கிறாய். மேலே சிவப்புக் கோடு. அந்தக் கோடு இருந்தால் இந்தக் கேட் மட்டுமில்லை, அந்த ஆப் இருக்கிற எந்தக் கேட்டும் உனக்குத் திறக்காதாம். நான் என்ன செய்யமுடியும் அக்கா, போன் அப்படிச் சொல்கிறது என்றார். என் தாத்தா காலத்தில் ஷிஃப்ட் முடிந்து தங்கச் சுரங்க ஷாஃப்டிலிருந்து மேலே வருகிறவர்களைத் துணியை உதறவிட்டுச் சோதனை போடுவார்களாம். தாத்தா ஒருநாள் சோதனை போட்டவன் காதுபடவே அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினாராம். அவனும் திருப்பித் திட்டினானாம். இந்தக் கோட்டை நான் எங்கே போய்த் திட்டுவது? மஞ்சுநாத்தைத் திட்டினால் பாவம், அவருக்கும் அதே போனில் ஸ்டார் போடுகிறார்களாம்.

மேடத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை. கண் வீங்கியிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள்கூட அதைப் பார்த்துவிட்டார்களாம். "நான் அப்படியா பேசறேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றால் உனக்குக் கெடுதல், இல்லை என்றால் பொய். நான் நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்தது.

வீடியோவை எடுத்தது நான், போட்டது நான், ஈவ்லினுக்குத் தெரியவே தெரியாது, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் ஒரு வழி சொன்னார். நீ மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ பேசி அனுப்பவேண்டும். அதைக் குரூப்பில் போடுவார். போட்டதும் சிவப்புக் கோட்டை எடுக்கச் சொல்வார். நான் பேசுகிறேன் மேடம், வேண்டுமானால் இப்பவே நிற்கிறேன் என்றேன். "உன் மூஞ்சி அதுல இல்லயே" என்றார். சரிதான். எல்லாரையும் சிரிக்கவைத்தது உன் முகம். என் முகம் போனுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். என்னைக் கேட்டால், யாரும் கேட்கவில்லை, பேசாதே என்பேன். நீ கும்பிட்டு நிற்பதையும் யாராவது எடுத்துப் பாட்டு சேர்ப்பார்கள். அந்த அம்மாவுக்கு மனசு வலித்தது நிஜம், அதையும் நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலித்தவர் கையில் கேட் இருக்கிறது. உன் கையில் ஒரு ஸ்வெட்டர்தான் இருந்தது.

எங்கள் ஆபீசில் மூன்றாவது மாடிக்கு ஹவுஸ்கீப்பிங் ஆள் வேண்டும். ராதிகாவிடம் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே அந்த ஆப் கிடையாது, ஆதார் கார்டு போதும். ஒன்றாம் தேதிக்குள் வரவேண்டும், அதற்குமேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்றாள். நீ தரையைத் துடைத்தால் அடுத்த ஆள் வழுக்கி விழுவான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்ய உனக்குப் பிடிக்காது என்றால் நான் ஏழாவது மாடி, கண்ணிலேயே படமாட்டேன். மருமகன் வீட்டில் எத்தனை நாள்தான் ஹாலில் படுப்பாய்? ஷெர்வின் தங்கமான பையன்தான். ஆனால் ஒரு மாதம் தாண்டினால் எந்த வீட்டிலும் காபி தண்ணீராகிவிடும்.

வண்டியில் இப்போது யாரும் நடிப்பதில்லை. மணி பார்க்க நான் போனை எடுத்தால் எல்லாரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்கள். "போனை உள்ள வச்சிட்டு அப்பறம் பேசு மங்கம்மா" என்று மரியகுழந்தை ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். வைத்தேன். அப்புறம் பேசுவதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் என் கன்னம் என்று தெரிகிறது, அவ்வளவுதான். கேலி மட்டும் பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கடிதத்திலும் வந்திருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் படி.

மன்னித்துவிடு என்று எழுதப் போய் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ மன்னிக்க வேண்டாம். பிளாக்கையும் எடுக்க வேண்டாம். ஒன்றாம் தேதிக்குள் ஊருக்கு வந்தால் போதும். வந்து என்னைத் திட்டு. முடிந்தால் வண்டியில் எல்லார் எதிரிலும் என்னை மாதிரி நடித்துக் காட்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு கேஸ் கம்பெனி என்றால் போதும், எல்லாருக்கும் புரியும். மாதா உன்னையும் அந்தக் குழந்தையையும் காப்பாற்றட்டும். எங்கள் மாரியாத்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மங்கம்மா

பி.கு: நீ போனதிலிருந்து காலை வண்டியில் உன் ஜன்னல் சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வருகிறேன். யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்பேன். வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையில் ஏறிய ஒரு அம்மா கேட்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். புளிக்குழம்பு. மூடி திறந்துகொண்டது. ஆள் வருகிறது என்றேன். எங்கே என்றார். ஸ்ரீபெரும்புதூரில் என்றேன். அன்றைக்கு நான் கேன்டீனில் சாப்பிட்டேன்.