சனிக்கிழமை இரண்டு முதல் நான்கு வரை

என் சரசுக் கண்ணுக்கு,

ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டேன் என்று ஒருத்தி எப்போது சொல்லிக்கொள்ளலாம்? கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூடிய பிறகா? முதல் பக்கத்திலேயே ஒரு வரி பிடித்து நிறுத்திவிட்டால், அதுவும் படித்ததாகுமா? எனக்குத் தெரியவில்லை. சென்னைக்குப் போய் பி.ஏ. படித்தவள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், எனக்கே தெரியவில்லை. நாளை மாலை வாசகசாலைக் கமிட்டியார் முன்னால் நின்று இதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான். உன் வருஷத் திதியன்று காக்கைக்குச் சோறு வைத்தபோது, பசித்த காக்கை, வேறொன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் இந்தக் கவலையை வேறு யாரிடம் சொல்வது? மாதர் பத்திரிகைக்கு அனுப்பினால் முன்பின் அறியாதவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களில் ஒருத்திக்காவது பதில் தெரிந்திருக்கலாம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரன், என் தம்பி, சுகமாக இருக்கிறான். காலையில் பஞ்சு மண்டிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறான். உன் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்துவிட்டது. அதன் கனம் இவ்வளவு என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே! பால், சமையல், வெளுக்கப் போட்ட துணி, வருகிறவர் போகிறவர், அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டுகள். வீட்டுக்கு மின்சார விளக்கு வந்தபோது, இனிப் பொழுது சாய்ந்த பிறகும் படிக்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். பொழுது சாய்ந்த பிறகும் வேலை செய்யலாம் என்றுதான் ஆயிற்று.

எனக்கென்று மிச்சமிருப்பது சனிக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரைதான். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, வாசகசாலையைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவைக்கும் அந்த இரண்டு மணி நேரம். அதை வாங்கிக் கொடுத்தவள் நீ. கமிட்டித் தலைவர் வீட்டம்மாளை விசேஷ வீடுகளிலெல்லாம் விடாமல் பிடித்துக் கேட்டு, கேட்டு வாங்கினாய். அதைத்தான் நாளைக்கு நிறுத்தப் போகிறார்கள்.

நீ படித்ததை நான் படிப்பென்று ஒத்துக்கொண்டதில்லை. வாரத்துக்கு வாரம் கை நிறையப் புத்தகம் எடுத்து வருவாய். அடுத்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிகிறதென்று ஒரு நாள் கேட்டேன்.

"மலை, ஆறு, காடு வந்துதுன்னாத் தாண்டிப்போட்டுப் போயிருவேனுங்க நங்கை" என்றாய். கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். மற்ற ஊர்களில் நாத்தனார் என்பார்கள். "மலையும் ஆறும் நம்மூர்ல இல்லீங்களா? யாரு யாரைக் கட்டிக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

"கடைசி அத்தியாயத்தை முதலிலேயே படித்துவிடுகிறாயே, பிறகு என்ன இருக்கிறது?"

"அப்பத்தானுங்க நிம்மதி. செத்துப்போறவங்க யாருன்னு தெரியாம எப்படிங்க அவங்ககூடப் பழகறது?"

நான் சிரித்தேன். பி.ஏ. படித்தவளின் சிரிப்பு.

என் சங்கதி வேறு. ஒரு வாக்கியத்தைப் படித்தால், இது நிஜந்தானா, இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக என்னால் முடிவதில்லை. கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட இடம் மறந்திருக்கும், மறுபடி மேலிருந்து. கல்லூரியில் மற்றப் பெண்கள் பாடப் புத்தகங்களை முடித்துவிட்டு இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருக்கையில் நான் முதல் பாதியில் இருப்பேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே பரீட்சையும் தேறினேன். இதை இங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை. படித்தவள் என்றால் நிறையப் படித்தவள் என்றுதானே ஊரில் அர்த்தம்?

இப்போது என் கையில் இருப்பது ஒரு கடல் யாத்திரைப் புத்தகம். எடுத்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது. "ஏனுங்க்கா, கப்பலு கெளம்பிருச்சா, இல்ல இன்னும் மூட்டைதான் ஏத்தறாங்களா?" என்று உன் வீட்டுக்காரன் சாப்பிடும்போதெல்லாம் கேட்கிறான். இன்னும் மூட்டைதான் ஏற்றுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ இருந்தவரை, பெண்கள் எடுக்கும் புத்தகங்களின் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. அதில் பெரும்பங்கு உன்னுடையது என்பதை யாரும் கவனிக்கவில்லை, நாங்களும்தான். நீ போனபின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. வருகிறவர்கள் குறையவில்லை. ஆனால் வந்து, உட்கார்ந்து, நாலைந்து பக்கம் படித்து, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் அது அலமாரிமேல் தூங்கும்; பிரிக்க நேரம் ஏது? கமிட்டியாருக்கு அது தெரியுமா? வெளியே போனவை எத்தனை, உள்ளே வந்தவை எத்தனை, இவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. அந்த நேரத்தை மில் குமாஸ்தாக்களுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்க ஒதுக்கலாம் என்று காரியதரிசி யோசனை சொன்னார்.

துடியலூரிலிருந்து சவாரி வண்டியில் வருவாளே பாப்பம்மாள், அவளுக்கு இது பொறுக்கவில்லை.

"எண்ணிக்கைதானுங்களே, டீச்சரம்மா, கேக்கறாங்க? ஆளுக்கு நாலு எடுத்துக்கறது, அடுத்த வாரம் கொண்டாந்து போட்டுர்றது. படிச்சீங்களான்னு நமக்குப் பரீச்சையா வெக்கப்போறாங்க?"

வேண்டாம் என்றேன். பொய் எண்ணிக்கையில் நிற்பது எத்தனை நாளைக்கு நிற்கும்? ஆனால் பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்ததால் இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்குள் காரியம் நடந்துவிட்டது. புதிதாக வந்த புத்தகங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். சென்னிமலைப் போர்வையில் மூட்டை கட்டி, பாப்பம்மாள் வீட்டுக் கட்டிலடியில் ஒரு வாரம் வைத்திருந்து, அப்படியே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு கைரேகை படாமக் குடுத்தோமுங்க" என்று அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அதுதான் வினையாயிற்று.

அந்தப் புத்தகங்கள் அச்சுக்கூடத்தில் ஓரம் வெட்டாமல் வந்தவை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். முதலில் படிக்கிறவர் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காரியதரிசி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"தப்பா நெனைச்சுக்கப்படாதுங்க அம்மணி. இதுல பாருங்க, ஒரு எலை கூடப் பிரியலீங்க. பிரிக்காத பொஸ்தகத்த எப்படிங்க படிச்சாங்க?"

நான் ஒன்றை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"கமிட்டியில இதை மேசைமேல வெச்சுத்தானுங்க ஆகோணும். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க." பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்க பொஸ்தகங்கூட மூணு மாசமாத் திரும்பலீங்களே. ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

கேலியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனிதர் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். பி.ஏ. படித்த அம்மாள் ஒரு புத்தகத்துக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சுகமாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

பாப்பம்மாளிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொஸ்தகத்துக்குள்ள இப்படி ஒரு சூது இருக்கும்னு யாருங்க கண்டா?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சரசு. வகுப்பில் பாடம் நடத்தும்போதும் கமிட்டியாரிடம் பேசுவதையே ஒத்திகை பார்க்கிறேன். எங்களுக்கு நேரமில்லை என்று சொல்லலாம். அப்படியானால் இந்த இரண்டு மணி நேரம் மட்டும் எதற்கு என்பார்கள். வருகிற எல்லோரும் படிக்கத்தான் வருகிறார்கள் என்று சொல்லலாம். அது உண்மையல்ல. நாச்சம்மாள் தூங்கத்தான் வருகிறாள். வீட்டில் அவளுக்குப் பகலில் தலை சாய்க்க இடமில்லை. படிக்கத் தெரிந்தும் நாங்கள் மெதுவாகப் படிக்கிறவர்கள் என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? படித்த பெண்ணே இப்படியென்றால் மற்றவர்களுக்கு எதற்கு வாசகசாலை என்று ஒருவர் கேட்பார். என் வாயாலேயே அந்தக் கதவை மூடினவளாவேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஏதாவது சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கதவை மூடினாலும் சரி, படிக்காததைப் படித்தேன் என்று நாளைக்குச் சொல்ல மாட்டேன். எங்களில் யாரையும் சொல்லவும் விட மாட்டேன்.

*

இன்று சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய கையோடு எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குப் போனேன். வழக்கமாக வருகிறவர்கள்தான் வந்திருந்தார்கள். ஓரம் பிரியாத புத்தகங்கள் மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒருத்தியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் பாப்பம்மாள் எழுந்து போய் ஒன்றை எடுத்து வந்தாள். கொண்டை ஊசியை உருவித் தாளைப் பிரிக்க ஆரம்பித்தாள். "பண்ணுனது பண்ணியாச்சு. உள்ள என்னதான் இருக்குதுன்னு பாத்துப்போடலாமுங்க" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போய் எடுத்து வந்தார்கள். கொஞ்ச நேரம் தாள் பிரியும் சத்தந்தான். நாச்சம்மாள் தூங்கிவிட்டாள்.

மனம் தெளியட்டும் என்று என் புத்தகத்தைத் திறந்தேன்.

நான்கு அடித்தது. எப்போதும் முதலில் எழுகிறவள் நான். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் எழுவார்கள். வராந்தாவில் கமிட்டியார் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டது. கூட்டம் நடக்க வேண்டியது நாங்கள் இருந்த அறையில்தான். நான் எழவில்லை. தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எழுந்தால் பேச வேண்டும் என்ற பயம்தான். நான் எழாததால் ஒருத்தியும் எழவில்லை. பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அந்த மனிதர்களில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். அவர்கள் வளர்ந்த விதம் அப்படி.

"அம்மணி, நாலு அடிச்சுருச்சுங்க" என்றார் காரியதரிசி, கதவுக்கு வெளியிலிருந்து, உள்ளே பார்க்காமல்.

"கேட்டுதுங்க. இந்தப் பக்கம் முடியட்டுங்க."

"ஆகட்டுங்க."

வெளியே காப்பி வந்தது, குடித்தார்கள். தலைவர் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் காரியதரிசியின் குரல். "ஏனுங்க அம்மணி, அதே பக்கந்தானுங்களா?" வராந்தாவில் யாரோ சிரித்தார்கள்.

"அதே பக்கந்தானுங்க. நான் மெதுவாத்தானுங்க படிப்பேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானுங்க."

வகுப்பறைக் குரலில் சொல்லிவிட்டேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே சிரிப்பு நின்றது.

"நானுமுங்க" என்றாள் பாப்பம்மாள். "எழுத்துக் கூட்டித்தானுங்க படிக்கறேன். போன வாரம் பிரிக்காமக் குடுத்ததும் நாந்தானுங்க. சித்த பொறுத்துக்கோங்க."

சத்தத்தில் நாச்சம்மாள் விழித்துக்கொண்டாள். எல்லோரும் ஏதோ சொல்கிறார்களே என்று, "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள். அறைக்குள் இருந்தவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் மோட்டார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காரியதரிசியைத் தவிர மற்றவர்களும் போய்விட்டார்கள்.

பொழுது மங்கி எழுத்து மறைய ஆரம்பித்தது. விளக்கின் விசை வராந்தாச் சுவரில் இருக்கிறது. போடச் சொல்லி எங்களில் யாரும் கேட்கவில்லை. "இருட்டுல எப்படிங்க படிப்பீங்க" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு காரியதரிசியே விளக்கைப் போட்டார்.

"கூட்டம் அடுத்த சனிக்கிழமைக்குங்க அம்மணி" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "போறப்ப வெளக்க அணைச்சுப்போட்டுப் போங்க."

உன் வீட்டுக்காரனின் அக்காள்,
என்றும் உன் நங்கை