படைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த பொரி

அன்புள்ள நைனாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். பள்ளி ஆண்டு மலரில் இது வரும். மாமாவும் சித்தப்பாவும் படிப்பார்கள். அதற்காக எதையும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

நீ போன பிறகும் புதுவாயலில் ஒன்றும் நின்றுவிடவில்லை. லாரிகள் எளாவூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. சாயங்காலம் நீ வேலை பார்த்த இரும்பு மில்லின் புகை மேலே ஏறி மேகத்தோடு கலக்கும்போது எது புகை, எது மேகம் என்று தெரிவதில்லை. அந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி நீ வருவதுபோல இருக்கும். கிட்டே வந்தால் வேறு யாரோ. நீ இருக்கிற இடத்திலும் ஷிப்ட் உண்டா நைனா?

பள்ளிக் கண்காட்சிக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு ‘சமூகத்தில் மதம்’. நூலகத்தில் புத்தகங்கள் எடுத்தேன். எந்த மதம் எங்கே தோன்றியது, அதன் வேதம் எது என்றெல்லாம் இருந்தது. நம் தெரு மட்டும் இல்லை. சரி, நாமே கேட்கலாம் என்று வீடு வீடாகப் போய், “நீங்க எந்த மதம்?” என்று கேட்டேன். எல்லோரும் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா மட்டும் நின்று சிரித்தாள். “இன்னாடி, வோட்டர் லிஸ்ட் எடுக்கறியா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கேள்வியை மாற்றினேன். “கொழந்தைக்கு ஜுரம் வுடாம அடிச்சா இன்னா பண்ணுவ அக்கா?”

“மொதல்ல ஆஸ்பத்திரி. அப்பால அம்மனுக்கு வேண்டிக்கினு வேப்பிலை. அப்பவும் எறங்கலன்னா உங்கம்மாவக் கூப்ட்டு ஜெபம் பண்ணச் சொல்வேன். யாரு கேட்டா இன்னா, ஜுரம் எறங்கணும்.”

என்ன நம்புகிறாய் என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்கிறது. என்ன செய்கிறாய் என்று கேட்டால் உள்ளே கூப்பிட்டு டீ தருகிறார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதே வாரம்தான் உன் முதல் வருஷ நினைவு நாளைப் பற்றிப் பேச எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் தம்பி சித்தப்பா ஆரம்பித்தார். “எங்கண்ணனுக்கு எலை போட்டுப் படைக்கணும்.”

அம்மாவின் அண்ணன் மாமா மறுத்துத் தலையாட்டினார். “படைச்ச சோத்த நாங்க தொட மாட்டோம்பா. ஜெபம் பண்ணிட்டு எல்லாரும் உக்காந்து சாப்புடலாம்.”

“நீங்க துன்னுட்டு மீந்தத எங்கண்ணனுக்கு வெக்கணுமா? எச்சில் சோறா?”

“அப்ப நீயே பண்ணிக்க. நான் வரல.”

“நீங்களே ஜெபம் பண்ணிக்கங்க. நானும் வரல.”

அம்மா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். “ரெண்டு பேரும் வராதீங்க. நானும் எம்பொண்ணும் அவரும் சாப்டுக்கறோம்.”

‘அவரும்’ என்றதும் இரண்டு பேரும் உன் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். உன் கல்யாணத்துக்கே வரமாட்டோம் என்று சொல்லி, பிறகு வந்து, உன்னால் ஒன்றாகப் பழகிய இரண்டு குடும்பங்கள். உன் பெயரைச் சொல்லியே பிரிந்துவிடுமோ என்று பயந்தேன். ஒருவர் வராமல் போனால் அடுத்த வருஷம் இன்னொருவரும் வரமாட்டார் இல்லையா?

மறுநாள், உன்னோடு மில்லில் கிரேன் ஓட்டிய சூசை அங்கிளைக் கண்காட்சிக்காகப் பார்க்கப் போனேன். “ஆயுதபூஜை அன்னிக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க அங்கிள்?” என்று கேட்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் கண் கலங்கிவிட்டது.

“நான் படைச்சதத் துன்ன மாட்டேன்னு உங்க நைனாவுக்குத் தெரியும். அதனால மிஷினுக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே பொரி, கடலை, ஒரு வாழைப்பழம் எடுத்து என் டிபன் டப்பாவுல போட்டு வெச்சுடுவான். ‘இந்தாடா, உன் சாமி கோச்சுக்காது, என் சாமி கண்டுக்காது’ம்பான். பூஜை முடியறவரைக்கும் நானும் தொற மாட்டேன். அப்பால ரெண்டு பேரும் ஒண்ணாத் துன்னுவோம்.”

நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். கூடத்தில் உன் படம் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல இருந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். “படைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சா எச்சிலா சித்தப்பா?”

“எடுத்து வெச்சா இல்ல. துன்னாத்தான் எச்சில். ஏன்?”

மாமாவுக்குப் போட்டேன். “முன்னாடியே எடுத்து வெச்சது, படைச்ச சோறா மாமா?”

“இல்லதான். யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?”

“நைனா.”

இரண்டு பேருக்கும் அந்த டப்பாக் கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா உனக்குப் பிடித்த இறால் தொக்கு செய்திருந்தாள். சோறு வெந்ததும் நான் சோறும் தொக்கும் ஒரு தூக்குச் சட்டியில் தனியாக எடுத்து மூடி வைத்தேன். சித்தப்பா உன் படத்துக்கு முன்னால் இலை போட்டார், கற்பூரம் காட்டினார். மாமா தெருப் பக்கம் பார்த்தபடி நின்றார், போகவில்லை. பிறகு அவர் தூக்கின் மேல் கை வைத்து ஜெபித்தார். சித்தப்பா தலை குனியவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகாமல் அங்கேயே நின்றார். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். யாரும் மாறிவிடவில்லை நைனா.

பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். தூக்கிலிருந்து மாமாவுக்குப் பரிமாறியது சித்தப்பாதான். “இறாலு இன்னும் ரெண்டு வெச்சுக்க மச்சான். எங்கண்ணன் இருந்தா உனக்கு மிச்சம் வெச்சிருப்பானா?” மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மா உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பூர வாசனையும் தொக்கு வாசனையும் கலந்து, நீ இப்போதுதான் கை கழுவ எழுந்து போனதுபோல இருந்தது.

டப்பாவில் பொரி போடும்போது நீ என்ன நினைத்தாய்? பெரிதாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. கண்காட்சி அட்டையில் கோயில், சர்ச் படங்களுக்கு நடுவில் ஒரு டிபன் டப்பா வரைந்திருக்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உன் கதையைச் சொல்வேன்.

இனி ஒவ்வொரு வருஷமும் இலை போடுவதற்கு முன்னால் அந்தத் தூக்கை நிரப்புவது என் வேலை. எந்த ஊரில் படித்தாலும் அன்றைக்கு வந்துவிடுவேன்.

இரண்டு பக்கச் சோறும் சாப்பிட்டு வளர்கிற,
உன் மகள்.

பி.கு.: அம்மாவும் இப்போது வேலைக்குப் போகிறாள், நாளை காலை ஷிப்ட். விளக்கை அணைத்துவிட்டாள்.