சக்கரம் வைத்த வீடு

ஹோர்சன்ஸ், டென்மார்க், மார்கழி 1988

அன்புள்ள மனைவிக்கு,

உமது விசாவைப் பற்றி இந்த முறையும் எழுத ஒன்றுமில்லை. ஆகவே தொழிற்சாலையில் எனக்கு மேலே இருக்கிற போர்மனைப் பற்றி எழுதுகிறேன். அந்த மனுசனும் மனிசியும் கரவன் என்ற சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றினார்களாம். சுவரில் படம் போட்டுக் காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுப் பாலைவனத்தில் தகரப்பெட்டிக்குள் படுத்த பைத்தியங்கள்! படம் முழுக்கக் கங்காரு, அதற்கு முன்னால் போர்மனின் தொப்பை.

கோப்பி ஊற்றியபடி மனிசி சலித்துக்கொண்டாள்: “அரை வருசம் ஒரே அறைக்குள்ள இவரின்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தன். ஆராலை ஏலும், சொல்லுங்கோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் டெனிஷ் விளங்காதவன்போல் இருந்துவிட்டேன்.

என் அறை அந்தக் கரவனைவிடச் சின்னது. வரும்போது பெரிய பெட்டி கொண்டுவர வேண்டாம்.

உமது கணவன்