செல்விக்கு வண்டி பழக்கிய நாட்கள்

மாப்ள,

இன்று காலை கீரமங்கலம் பூக்கடைப் பக்கம் போயிருந்தேன். ஈரச்சாக்கில் கட்டி வந்த முல்லையின் வாசனை முகத்தில் அடித்ததும் கால் நின்றுவிட்டது. அந்த மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது உன் மனைவி செல்விதான். "நல்லாருக்கீங்களாண்ணே?" என்றாள். மூட்டையை இறக்கக் கை கொடுத்தேன்.

அன்று தஞ்சாவூரில் டாக்டர் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசப் பார்த்தார். "என் வயிறுதானே, எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றாய். கணையத்தில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை, சில மாதங்கள்தான் என்றார். திரும்பும் பஸ்ஸில், சென்னைக்குப் போவோம், வேறு டாக்டரைப் பார்ப்போம் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். புதுக்கோட்டை தாண்டியதும் நீ கேட்டாய்.

"செல்விக்கு வண்டி ஓட்டத் தெரியாதே மச்சான். தோட்டத்துப் பூவ யாரு கடைக்குக் கொண்டுபோயி போடுவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சாகப்போகிறவன் நினைக்கிற நினைப்பா இது?

மறுவாரமே பள்ளிக்கூட மைதானத்துக்கு என்னையும் செல்வியையும் இழுத்துப் போனாய். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீ. வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. "கால ஊனாத! பிரேக்கப் புடி!" என்று கத்துவாய். கத்தி முடித்ததும் உனக்கு மூச்சு வாங்கும். அதைப் பார்த்துவிட்டுச் செல்வி வண்டியை நிறுத்தி அழுவாள். "எனக்கு வேணாங்க. நீங்க நல்லாகி வந்து ஓட்டுங்க." நீயோ, "இன்னொரு ரவுண்டு போ" என்பாய்.

ஒருநாள் அவள் வண்டியோடு சாய்ந்துவிட்டாள். நீ பதறி எழுந்து ஓடினாய். நாலு எட்டுதான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். அவள் முழங்காலில் ரத்தத்தோடு அந்தப் பக்கம், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம். யாரிடம் ஓடுவதென்று தெரியாமல் நடுவில் நின்றேன். அன்று மட்டுமா? கடைசிவரைக்கும் அப்படித்தான் நின்றேன்.

வண்டி அவள் கைக்குப் பழகியபோது நீ பாதி உடம்பாகியிருந்தாய். அவளுக்குப் பின்னால் உன்னை உட்காரவைத்து, துண்டால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டு, என் வண்டியில் கூடவே வந்தேன். உன் முல்லைத் தோட்டம் வரைக்கும் போனோம். அவள் முதுகில் கன்னத்தைச் சாய்த்தபடி, "வெரசாப் போடி, மாடே நம்மளத் தாண்டிப் போயிரும் போல" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். நோய் வந்தபின் அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அதற்குப்பின் நீ படுக்கையை விட்டு எழவில்லை. ஒரு மத்தியானம், வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்தாய்.

"நாப்பத்தாறு வருசம் இருந்துட்டேன் மச்சான். என்னத்தச் செஞ்சேன்? எதுக்குப் பொறந்தேன்?"

போர்வையை இழுத்துவிட்டு, "பேசாமத் தூங்கு மாப்ள" என்றேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அன்று ராத்திரியே நினைவு தப்பி, மூன்றாம் நாள் போய்விட்டாய்.

சொல்ல வேண்டியது என்னவென்று, இன்று செல்வி பூ மூட்டையோடு வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு வார்த்தைக்கு மேல் இராது. கேட்க நீ இல்லை. நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது 'பேசாமத் தூங்கு' என்பதுதான். அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.