ஒரு முழம் உயர்ந்த கரை

அக்டோபர் 3

அன்புத் தங்கைக்கு,

இறைவன் அருளால் நானும் உன் அண்ணியும் நலம். தொலைபேசியில் நீ அதிகாரியாகிவிடுகிறாய். கடிதத்தில்தான் தங்கையாக இருக்கிறாய். ஆகையால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வெள்ளம் எங்கள் கூடத்தில் இடுப்பளவு நின்றது நினைவிருக்கும். ஆற்றங்கரையை உயர்த்தித் தாருங்கள் என்று உன் வெள்ளத் தடுப்புத் துறைக்கு மனுமேல் மனுவாகப் போட்டோம். பதில் இல்லை. குடை பிடிக்க வேண்டிய அரசு கையை மடக்கிக்கொண்டால், குடிமக்கள் நனைந்துகொண்டே நிற்பதா? தெருவே திரண்டது. தையற்காரர் சாக்குப் பைகளைத் தைத்துக் குவித்தார். நான் வழிபாட்டுப் பாடல்களைப் பாடி முடித்து மண்வெட்டியுடன் போனேன்.

"ஐயா, நீங்க பாட்டைப் பாருங்க, மண்ணை நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் கேலி செய்தார்.

"எனக்கு ரெண்டும் வரும்யா. உன் ஊசிக்குத்தான் ஒரே வேலை" என்றேன்.

இன்று தெரு நீளத்துக்கும் கரை ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது. இவ்வளவு எளிய கைகளுக்குள் இவ்வளவு வலிமையை வைத்தவனை எண்ணி மெய்சிலிர்த்தேன். நீ வந்து பார்க்க வேண்டும்.

உன் அண்ணன்

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணா,

வணக்கம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது பெருமையாக இருந்தது. மறுமுறை படித்தபோது ஆற்றின் வரைபடத்தை எடுத்து விரித்தேன். ஆறு உங்கள் தெருவருகேதான் வளைகிறது. உங்கள் பக்கம் ஏற முடியாத நீர் அத்தனையும் எதிர்க்கரையில் ஏறும். அங்கே செங்கல் சூளைத் தொழிலாளர்கள் பள்ளத்தில் குடியிருக்கிறார்கள். உங்களுக்கு இடுப்பளவு வருவது அவர்களுக்குக் கூரைக்கு மேல் போகும்.

மனுக்களுக்குப் பதில் தராதது எங்கள் தவறு, மறுக்கவில்லை. இரு கரைக்கும் சுவர் எழுப்ப இப்போது ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த மழைக்கு முன் தொடங்க இயலாது. தயவுசெய்து நீங்களே கரையைத் தாழ்த்திவிடுங்கள். அண்ணன் கட்டியதை வெட்டும் ஆணையில் என்னைக் கையெழுத்திட வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை

அக்டோபர் 14

அதிகாரி அவர்களுக்கு,

வேறு எப்படி விளிப்பதென்று தெரியவில்லை. எங்கள் மனுவைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு எங்கள் கரையை வெட்ட மட்டும் நேரமிருக்கிறதோ? எதிர்க்கரையிலும் கைகள் இருக்கின்றன. அவர்களும் கட்டட்டுமே, யார் தடுத்தார்கள்?

உன் கடிதத்தைத் தெருவில் படித்துக் காட்டினேன். "வரட்டும் உங்க தங்கச்சி. கரை மேல நான் படுத்துக்கறேன், என்னையும் சேர்த்து வெட்டட்டும்" என்றார் தையற்காரர். அவர் அருகில் நானும் படுப்பேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அக்டோபர் 16

அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்தும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தடுத்தவர் சூளை முதலாளி. நிலம் அவருடையது. ஒரு கூடை மண்ணை எடுத்து அணை போட்டாலும் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

மலையில் மழை தொடங்கிவிட்டது. ஆணையில் கையெழுத்திட்டுவிட்டேன்.

உங்கள் தங்கை

அக்டோபர் 22

அன்புத் தங்கைக்கு,

பள்ளிக்கூட மாடியிலிருந்து எழுதுகிறேன். உன் துறையின் எச்சரிக்கை கேட்டு பெண்களும் பிள்ளைகளும் முதல் நாளே இங்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் நாங்கள் கரையில் காவல் நின்றோம். அண்ணி நலம்.

ஆறு வந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆறு எழுந்தது. ஊழிப் பெருவெள்ளத்தை வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். அது புலவர் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். ஒரு முழு மரம் நின்றவாக்கிலேயே மிதந்து சென்றது, கிளையில் பறவையோடு. காலடியில் பூமி அதிர்ந்தது. நாங்கள் கட்டிய கரையோ அசையவில்லை. "நின்னுடுச்சு பாத்தீங்களா ஐயா!" என்று தையற்காரர் என்னைக் கட்டிக்கொண்டார்.

அவர் தோளுக்கு மேலாகத்தான் எதிர்க்கரையைப் பார்த்தேன். கூரைகளின் மேல் மனிதர்கள். அவர்கள் கூவவில்லை, கையசைக்கவும் இல்லை. எங்கள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையை வெட்ட நீ அனுப்பிய இயந்திரம் பாலத்துக்கு அப்பால் சிக்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? என் தையல் மெஷின் எல்லாம் கீழ கடையில இருக்கு ஐயா!" என்று தையற்காரர் என் கையைப் பிடித்தார்.

"நமக்கு ஏறி நிக்க மாடி இருக்குய்யா. அங்க இல்ல" என்றேன். பிடி தளர்ந்தது.

சில பைகளைத்தான் நான் பெயர்த்தேன். மீதியை ஆறே செய்தது. என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உரிமையுள்ள விருந்தாளியைப் போல நம் வீட்டுக்குள் நுழைந்து வழிபாட்டு அறைவரை சென்றது. எதிர்க்கரையில் நீர் கூரை விளிம்பை விட்டுச் சாண் சாணாக இறங்கியது. நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். என் கைகள் தாமாகக் குவிந்தன, ஆற்றை நோக்கியா அவர்களை நோக்கியா என்று நான் அறியேன். பிறகு உன் படகுகள் எங்களைக் கடந்து முதலில் அங்கே போயின. அதுவே முறை.

மாடியில் எல்லோரும், கரையை அரசாங்கம் வெட்டியது என்று உன்னை ஏசினார்கள். எழுந்து நின்று, "நான்தான் வெட்டினேன்" என்றேன். ஆகவே உன் ஆணையைக் கிழித்துவிடு. ஆனால் சுவர் உன் பொறுப்பு. இரு கரையையும் ஒருசேரக் காணும் இடம் எங்கள் தெருவில் இல்லை; உன் நாற்காலியில்தான் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் வேலையை எதிர்க்கரையில் தொடங்கு. அதனால் எங்களுக்கு இன்னுமொரு வெள்ளம் வந்தாலும் வரட்டும்.

தெருவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தையற்காரரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

என்றும் உன் அண்ணன்